முகமது பின் துக்ளக் காலக் கிளர்ச்சிகள் (1325–1351): ஆளுநர் அதிகாரமும் புதிய அரசுகளின் தோற்றமும்

ஆய்வுச் சுருக்கம்

டில்லிச் சுல்தானிய வரலாற்றில் மிகுதியான கிளர்ச்சிகளைச் சந்தித்த மன்னர் முகமது பின் துக்ளக் ஆவார். இருபத்தாறு ஆண்டு ஆட்சியில் இருபதுக்கும் மேற்பட்ட கிளர்ச்சிகள் எழுந்தன. மன்னரின் குணமும் கொடுந்தண்டனைகளுமே இவற்றுக்குக் காரணம் என்னும் கருத்து பரணி முதலான சமகால ஆசிரியர்களிடம் தொடங்கி இன்றைய பாடநூல்கள் வரை நீடிக்கிறது. மாகாண ஆளுநர்களின் அதிகார அமைப்பு, வருவாய்க் குத்தகை முறை, தலைநகருக்கும் எல்லைப் பகுதிகளுக்கும் இடைப்பட்ட தொலைவு, நூற்றுவர் அமீர்களின் நிலை ஆகியவற்றின் அடிப்படையில் இக்கட்டுரை அக்கிளர்ச்சிகளை மீளாய்வு செய்கிறது. சில கிளர்ச்சிகள் அடங்கியதும் சில தனியரசுகளாக மலர்ந்ததும் எதனால் என்பது இக்கட்டுரையின் மைய வினாவாகும்.

திறவுச் சொற்கள்: டில்லிச் சுல்தானியம், முகமது பின் துக்ளக், இக்தா, நூற்றுவர் அமீர்கள், மாபார், பாமினி அரசு, பரணி, இசாமி, இபின் பதூதா.

முன்னுரை

கி.பி. 1325இல் முகமது பின் துக்ளக் அரியணை ஏறியபோது டில்லியின் ஆணை சிந்துவிலிருந்து வங்காளம் வரையிலும் இமயத்தின் அடிவாரத்திலிருந்து மதுரை வரையிலும் செல்லுபடியாயிற்று. அவருக்கு முன்னர் டில்லியில் அமர்ந்த எந்தச் சுல்தானும் இவ்வளவு பரந்த நிலத்தை நேரடி ஆட்சியில் வைத்திருக்கவில்லை. 1351இல் சிந்துவின் தட்டா நகருக்கு அருகே அவர் இறந்தபோது மாபார், தெலங்கானம், வங்காளம், தக்காணம் ஆகியன கைநழுவியிருந்தன. கால் நூற்றாண்டில் நிகழ்ந்த இம்மாற்றத்தை ஒரு மனிதரின் குணக்கேடாக மட்டும் விளக்குவது எளிது. ஆனால் அவ்விளக்கம் போதுமானதன்று. அதே மன்னர், அதே கடுமையுடன், 1327இலும் 1328இலும் எழுந்த பெருங்கிளர்ச்சிகளை அடக்கினார். 1335இலும் 1347இலும் அவரால் அது இயலவில்லை. மன்னரின் குணம் மாறவில்லை, சூழல் மாறியிருந்தது. அச்சூழலை இனங்காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சான்றுகளும் அவற்றின் சார்பும்

இக்காலத்தை அறிய மூன்று சமகால ஆசிரியர்கள் முதன்மைச் சான்றுகளாக அமைகின்றனர். முதலாமவர் ஜியாவுத்தீன் பரணி. பதினேழு ஆண்டுகளுக்கு மேல் சுல்தானின் அவைத் தோழராக இருந்த அவர், ஃபிரோஸ் ஷாவின் காலத்தில் பதவியும் செல்வமும் இழந்து முதுமையில் வாடிய நிலையில், 1357இல் தம் தாரீக்-இ-ஃபிரோஸ்ஷாஹியை முடித்தார். உயர்குடிப் பிறப்பே ஆட்சித் தகுதி என்பது அவருடைய அரசியல் கோட்பாடு. எனவே தாழ்ந்த குடியினருக்குப் பதவி அளித்ததையே பல கிளர்ச்சிகளின் வேராக அவர் காட்டுகிறார். மன்னரின் தண்டனைகளுக்கு முன் உண்மை பேசத் தமக்குத் துணிவில்லாமற் போயிற்று என்னும் அவருடைய ஒப்புதல், அவர் நூலின் கசப்பைப் புரிந்துகொள்ளத் துணைசெய்கிறது.

இரண்டாமவர் இசாமி. டில்லியிலிருந்து தௌலதாபாத்துக்குக் குடிபெயருமாறு பணிக்கப்பட்ட குடும்பம் அவருடையது. தொண்ணூறு வயதுப் பாட்டனார் வழியிலேயே உயிர்நீத்ததை அவரே பதிவு செய்கிறார். அவருடைய ஃபுதூஹுஸ் ஸலாத்தீன் என்னும் காப்பியம் 1350இல் பாமினி மன்னரின் ஆதரவில் நிறைவுற்றது. கிளர்ச்சியால் தோன்றிய அரசின் அவையில் அமர்ந்து, கிளர்ச்சியின் நியாயத்தைப் பாடியவர் அவர்.

மூன்றாமவர் மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா. 1334 முதல் 1342 வரை சுல்தானின் பணியில் இருந்து, டில்லியின் காஜியாகவும் அமர்ந்தவர். சுல்தானின் கொடையையும் கொலைத்தண்டனையையும் அவர் அருகருகே வைத்து எழுதுகிறார். மாபாரில் கிளர்ச்சி செய்த ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் மகளை மணந்தவரும் அவரே. ஆகவே இம்மூவருள் எவரும் நடுநிலைச் சாட்சியர் அல்லர். இடம்பெயர்வால் நொந்தவர், பதவி இழந்தவர், கிளர்ச்சியாளரின் மருமகன் என்னும் மூவரின் குரல்களிலிருந்தே இக்கால வரலாறு எழுதப்பட்டுள்ளது என்பதை ஆய்வாளர் மனங்கொள்ளல் வேண்டும்.

கிளர்ச்சிக்கு இடந்தந்த ஆட்சியமைப்பு

டில்லிச் சுல்தான்கள் நாட்டை இக்தாக்களாகப் பகுத்து அமீர்களிடம் ஒப்படைத்தனர். இக்தாவைப் பெற்றவர் முக்தி எனப்பட்டார். அப்பகுதியின் வருவாயைத் திரட்டிப் படையைப் பேணுவதும், எஞ்சியதைக் கருவூலத்துக்கு அனுப்புவதும் அவர் கடமை. வரியும் வாளும் ஒரே கையில் இருந்தமையால் எந்த ஆளுநரும் இயல்பாகவே ஓர் அரசனாகும் வாய்ப்பைப் பெற்றிருந்தார். இடமாற்றமும் கணக்குத் தணிக்கையுமே இவ்வாய்ப்பைத் தடுக்கும் கருவிகள். இவ்விரண்டும் மையத்தின் படைவலிமையை நம்பியே இயங்கின.

அலாவுத்தீன் கில்ஜி தென்னக அரசுகளை வென்றபோதும் அவற்றை இணைத்துக்கொள்ளவில்லை; திறை பெறுவதோடு நிறுத்தினார். 1311இல் மாலிக் காபூரின் படை மதுரை வரை சென்று செல்வத்துடன் திரும்பியது. பின்னர் 1317-18இல் தேவகிரியும் 1323இல் காகதீயரின் வாரங்கலும் நேரடி ஆட்சியின்கீழ் வந்தன. வாரங்கலை வென்ற படைத்தலைவர் அன்று உலுக் கான் எனப்பட்ட முகமது பின் துக்ளக்கே. திறையரசுகள் மாகாணங்களானபோது ஒவ்வொன்றுக்கும் ஆளுநரும் காவற்படையும் தேவைப்பட்டன. டில்லியிலிருந்து தௌலதாபாத் நாற்பது நாள் பயணம் என்றும், தெலங்கானம், மாபார் நாடுகளுக்கோ ஆறு மாத வழி என்றும் இபின் பதூதா குறிக்கிறார். திறை தவறிய அரசனைத் தண்டிக்கப் படையெடுப்பு ஒன்று போதும்; படையோடு அங்கேயே வாழும் ஆளுநரை அடக்க அது போதாது.

முதற்கட்டம்: அடக்கப்பட்ட கிளர்ச்சிகள் (1326–1328)

முதற் கிளர்ச்சி அரச குடும்பத்திலிருந்தே எழுந்தது. சுல்தானின் அத்தை மகனும் தக்காணத்துச் சாகர் பகுதியின் ஆளுநருமாகிய பஹாவுத்தீன் குர்ஷாஸ்ப் 1326-27இல் கிளர்ந்தெழுந்தார். தோல்வியுற்றுக் கம்பிலி அரசனிடம் அடைக்கலம் புகுந்தார். கம்பிலி அரசன் அடைக்கலப் பொருளைக் கைவிடாது போரிட்டு மாண்டான். அவனது நாடு டில்லியுடன் இணைக்கப்பட்டது. அங்கிருந்து தப்பிய குர்ஷாஸ்ப் துவாரசமுத்திரத்துப் போசள மன்னன் மூன்றாம் வல்லாளனை அடைந்தார். வல்லாளன் அவரை டில்லிப் படையிடம் ஒப்படைத்தான். குர்ஷாஸ்பின் தோல் உரிக்கப்பட்டு, அதில் வைக்கோல் திணிக்கப்பட்டு ஊர்தோறும் காட்டப்பட்டது.

அடுத்து முல்தானின் ஆளுநர் கிஷ்லு கான் கிளர்ந்தார். 1320இல் துக்ளக் மரபு அரியணை ஏற உதவியவர் அவர். கிளர்ச்சிக்கான காரணம் குறித்துச் சான்றுகள் வேறுபடுகின்றன. குர்ஷாஸ்பின் உடல் முல்தானுக்குக் கொண்டுவரப்பட்டபோது அதை அவர் அடக்கம் செய்துவிட்டதால் சுல்தானின் சினத்துக்கு ஆளானார் என்கிறார் இபின் பதூதா. குடும்பத்தைத் தௌலதாபாத்துக்கு அனுப்பும் ஆணையால் எழுந்த பூசலே காரணம் என்பது பிற்கால நூல் வழிச் செய்தி. சுல்தான் தாமே படைநடத்தி அபோகரில் அவரை வென்றார். முல்தான் மக்களைத் தண்டிக்க முனைந்தபோது சூஃபி ஞானி ஷேக் ருக்னுத்தீன் பரிந்துரைத்துக் காத்தார்.

இவ்விரு கிளர்ச்சிகளிலும் சில பொதுக்கூறுகள் உள்ளன. கிளர்ச்சியாளர் தனித்து நின்றார், பிற மாகாண ஆளுநர்கள் சுல்தானின் பக்கம் நின்றனர், கருவூலம் நிறைந்திருந்தது, படை நலிவுறவில்லை. மையம் வலிமையுடன் இருந்தவரை ஆளுநரின் வாய்ப்பு வாய்ப்பாகவே நின்றது.

திருப்புமுனை: மாபார் (1334–1335)

1327இல் தௌலதாபாத் இரண்டாம் தலைநகராயிற்று. 1329-30இல் வெள்ளித் தங்காவின் மதிப்பில் செம்பு, பித்தளை நாணயங்கள் வெளியிடப்பட்டன. கள்ள நாணயங்கள் பெருகியதால் சில ஆண்டுகளில் அவற்றை மீட்டு வெள்ளியும் பொன்னும் தர நேர்ந்தது. இழப்பு கருவூலத்தின்மேல் விழுந்தது. கங்கை யமுனை ஆற்றிடை நிலத்தில் வரி உயர்த்தப்பட்டது. அதனைத் தொடர்ந்து 1335 அளவில் தொடங்கிய பஞ்சம் ஏறத்தாழ ஏழாண்டுகள் நீடித்தது. இந்நிலையில்தான் மாபார்க் கிளர்ச்சி எழுந்தது.

மதுரையில் அதிகாரியாக இருந்த சையது ஜலாலுத்தீன் அஹ்சன் 1334-35இல் தம்மைச் சுல்தானாக அறிவித்துத் தம் பெயரில் நாணயம் வெளியிட்டார். மாபாரில் இருந்த டில்லிப் படையினர் அவர் பக்கமே நின்றனர். டில்லியில் இருந்த அவருடைய உறவினர் சிறைப்பட்டனர். சுல்தான் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். வாரங்கலை அடைந்தபோது படையில் கொள்ளைநோய் பரவியது, வீரர்கள் பெருமளவில் மாண்டனர், சுல்தானும் நோயுற்றார். படை திரும்பியது. திரும்பும் வழியில் பீட் அருகே சுல்தானின் பல் ஒன்று பிடுங்கப்பட்டு, அதற்கு ஒரு கல்லறை எழுப்பப்பட்டதாகக் கூறப்படுகிறது.

மாபாரை நோக்கி இரண்டாம் படையெடுப்பு நிகழவேயில்லை. சுல்தான் இறந்துவிட்டார் என்னும் வதந்தி பரவியதும் லாகூரிலும் தௌலதாபாத்திலும் கலகங்கள் தோன்றின. அடுத்த ஆண்டளவில் காப்பய நாயக்கர் வாரங்கலிலிருந்து டில்லி ஆளுநரை வெளியேற்றினார். துங்கபத்திரைக் கரையில் விசயநகரம் எழுந்தது. டில்லிப் படை போரில் தோற்கவில்லை, நோயில் தோற்றது. ஆயினும் அது திரும்பி வராது என்பதைத் தெற்கு அறிந்துகொண்டது. பிற்காலக் கிளர்ச்சியாளர்கள் குர்ஷாஸ்பின் முடிவை அன்று, அஹ்சன் ஷாவின் வெற்றியையே முன்மாதிரியாகக் கொண்டனர்.

மதுரைச் சுல்தானியமும் உட்கிளர்ச்சிகளிலிருந்து தப்பவில்லை. அஹ்சன் ஷா சில ஆண்டுகளில் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த உதௌஜி போரில் மாண்டார். குத்புத்தீன் நாற்பது நாள்களிலேயே கொல்லப்பட்டார். கியாசுத்தீன் தாமகானி அரியணை ஏறினார். 1342 அளவில் கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்ட முதிய வல்லாளன் தாமகானியிடம் தோற்றுச் சிறைப்பட்டுக் கொல்லப்பட்டான். வைக்கோல் திணிக்கப்பட்ட அவனது உடல் மதுரை மதிலில் தொங்கியதைத் தாம் கண்டதாக இபின் பதூதா எழுதுகிறார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் குர்ஷாஸ்பை ஒப்படைத்த அதே மன்னனுக்கு, டில்லியிடமிருந்து பிரிந்த அரசு டில்லியின் தண்டனை முறையையே பயன்படுத்தியது. கிளர்ச்சியால் ஆள்வோர் மாறினர். ஆட்சிமுறை மாறவில்லை என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

வருவாய் நெருக்கடியும் ஆளுநர் கிளர்ச்சியும் (1338–1341)

பஞ்சமும் கருவூல இழப்பும் சேர்ந்தபோது மிகுந்த தொகை தருவதாக ஒப்புக்கொண்டவர்களுக்கு மாகாண வருவாய் குத்தகையாக விடப்பட்டது. காராவை ஒப்பந்தத்தில் பெற்ற நிஜாம் மாயின், பேசிய தொகையின் சிறு பகுதியைக்கூடத் திரட்ட இயலாமல் கிளர்ச்சியில் இறங்கினார். பீதரை மூன்றாண்டுக்கு ஒரு கோடித் தங்காவுக்குக் குத்தகை எடுத்த நுஸ்ரத் கானின் கதையும் அதுவே. பரணி இவர்களைக் கீழ்க்குடியினர் என இகழ்கிறார். ஆனால் அவரே தரும் தொகைகள் வேறொரு செய்தியைக் கூறுகின்றன. தணிக்கை என்பது சவுக்கடியும் சிறையுமாக இருந்த காலத்தில், கட்ட முடியாத தொகைக்குக் கையெழுத்திட்டவருக்கு எஞ்சிய வழி கிளர்ச்சி ஒன்றே. இவற்றைப் பேராசையின் கிளர்ச்சிகள் என்பதினும் நிலுவையின் கிளர்ச்சிகள் என்பது பொருந்தும்.

அவத் ஆளுநர் அயினுல் முல்க்கின் எழுச்சி (1340-41) இன்னும் நுட்பமானது. பஞ்சத்தால் சுல்தானும் படையும் கங்கைக் கரையில் ஸ்வர்கதுவாரி என்னும் முகாமில் தங்கியிருந்தபோது தானியமும் துணியும் பணமும் இடையறாது அனுப்பிக் காத்தவர் அவர். அத்தகையவரைத் தௌலதாபாத்துக்கு மாற்றச் சுல்தான் முடிவு செய்தார். அதே வேளையில் டில்லியிலிருந்து தப்பி அவத்தில் அடைக்கலம் புகுந்த அதிகாரிகளைத் திருப்பியனுப்பும் ஆணையும் வந்தது. தம்மை வேரறுக்கவே இடமாற்றம் என ஐயுற்ற அவரும் அவருடைய சகோதரர்களும் கிளர்ந்தனர். கன்னோசி அருகே தோற்றனர். சகோதரர்கள் மாண்டனர். அயினுல் முல்க்கோ மன்னிக்கப்பட்டு மீண்டும் பணியில் அமர்த்தப்பட்டார். இம்மன்னிப்பு, மன்னரை வெறும் கொடுங்கோலராகக் காட்டும் சித்திரத்துக்கு முரணானது. அச்சமே ஆட்சிக் கருவியாக இருந்தால் விசுவாசமுள்ள ஆளுநருக்கும் வழக்கமான இடமாற்றம் மரண ஓலையாகத் தோன்றும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

இதே காலத்தில், 1338இல், சோனார்கானில் ஆளுநர் பஹ்ராம் கான் இறந்தார். அவருடைய ஆயுதப் பணியாளராக இருந்த ஃபக்ருத்தீன் ஆட்சியைக் கைப்பற்றினார். சுல்தானால் அங்குப் படை அனுப்ப இயலவில்லை. அங்கு நிகழ்ந்த போட்டிகளிலிருந்து இலியாஸ் ஷா மரபு எழுந்தது.

நூற்றுவர் அமீர்களும் தக்காண இழப்பும் (1345–1347)

அமீரான்-இ-சதா எனப்பட்டோர் நூறு வீரர்க்குத் தலைவர்கள். படைத்தலைமையோடு ஏறத்தாழ நூறு ஊர்களின் வரித்தண்டலும் இவர்களிடம் இருந்ததாகக் கருதப்படுகிறது. ஆப்கானியர், மங்கோலியர், துருக்கியர் முதலிய பல இனத்தவர் இவர்களுள் இருந்தனர். ஆளுநர் மாறினாலும் இவர்கள் மாறுவதில்லை. எனவே மாகாணத்தில் வேரூன்றிய அதிகாரம் இவர்களுடையதாயிற்று.

1339-40இல் குல்பர்காவில் வரி தண்டச் சென்ற அலி ஷா என்னும் நூற்றுவர் அமீர் கிளர்ந்தபோது தௌலதாபாத் ஆளுநர் குத்லுக் கான் அதனை அடக்கினார். சுல்தானின் ஆசிரியரும் மக்களின் நம்பிக்கைக்கு உரியவருமாகிய அவரை, வருவாய் குறைகிறது என்னும் குற்றச்சாட்டினால் சுல்தான் திரும்ப அழைத்தார். மாளவத்துக்கு அனுப்பப்பட்ட அஜீஸ் கம்மார் தாரில் எண்பதுக்கும் மேற்பட்ட நூற்றுவர் அமீர்களை ஒரே நாளில் கொன்றார். அதற்காக அவருக்குப் பாராட்டும் பரிசும் கிடைத்தன. நூற்றுவர் அமீர் என்னும் பதவியே மரணத்துக்குரிய குற்றம் என்னும் அச்சம் குஜராத்திலும் தக்காணத்திலும் பரவியது. தனித்தனியே கிளர்ந்தவர்களை ஒரே அணியாக்கியது இச்செயலே.

குஜராத் அமீர்கள் எழுந்தனர். அஜீஸ் கம்மார் கொல்லப்பட்டார். 1345 தொடக்கத்தில் டில்லியை விட்டுப் புறப்பட்ட சுல்தான் மீண்டும் அந்நகரைக் காணவில்லை. தௌலதாபாத் அமீர்களைப் பரூச்சுக்கு வருமாறு அவர் ஆணையிட்டார். வழியில் தங்களுக்கு நேரவிருப்பதை ஊகித்த அமீர்கள் காவலரைக் கொன்று திரும்பினர். கோட்டையைக் கைப்பற்றி இஸ்மாயில் முக் என்னும் ஆப்கானியரை அரசராக்கினர். சுல்தான் தௌலதாபாத்தை முற்றுகையிட்டிருந்த வேளையில் குஜராத்தில் தகீ என்னும் அடிமை கிளர்ந்தார். சுல்தான் குஜராத்துக்குத் திரும்பினார். அந்த இடைவெளியில் ஹசன் கங்கு, காப்பய நாயக்கரின் உதவியுடன், பீதர் அருகே டில்லித் தளபதி இமாதுல் முல்க்கை வென்றார். இஸ்மாயில் முக் விலக, 1347 ஆகஸ்டு 3 அன்று ஹசன், அலாவுத்தீன் பாமன் ஷா என்னும் பெயரில் முடிசூடினார். தக்காணத்தை ஆள்வதற்காகச் சுல்தான் தௌலதாபாத்தில் குடியேற்றிய அமீர்களும் அறிஞர்களும் சூஃபியரும் புதிய அரசின் குடிகளாயினர்.

அரசுரிமையின் அடையாளங்கள்

இஸ்லாமிய அரசியல் மரபில் ஒருவரை ஆட்சியாளராக நிறுவுபவை இரண்டு: வெள்ளிக்கிழமைத் தொழுகையின் குத்பாவில் பெயர் ஓதப்படுதல், நாணயத்தில் பெயர் பொறிக்கப்படுதல். இவ்விரண்டையும் தமதாக்கிய ஆளுநர் அந்நொடியில் டில்லியின் பார்வையில் துரோகி. தம் நகரில் சுல்தான். இவ்விடரைச் சுல்தானும் உணர்ந்திருந்தார். 1340களின் தொடக்கத்தில் அவர் தம் பெயரை நீக்கி அப்பாசியக் கலீபாவின் பெயரில் நாணயம் வெளியிட்டார். கெய்ரோவிலிருந்து அங்கீகார ஆணையும் அங்கியும் பெற்றார். கலீபாவின் ஒப்புதல் பெற்ற மன்னரை எதிர்ப்பது சமயக் குற்றம் என்பதே இதன் உட்பொருள். எனினும் அரண்களையும் கருவூலங்களையும் கைப்பற்றியிருந்த அமீர்களை அந்த ஆணை தடுக்கவில்லை.

ஒப்பீடு

அடங்கிய கிளர்ச்சிகளையும் நிலைத்த கிளர்ச்சிகளையும் ஒப்பிடுமிடத்து நான்கு கூறுகள் புலனாகின்றன. முதலாவது தொலைவு: முல்தான், காரா, அவத் ஆகியன டில்லிப் படைக்கு எட்டிய பகுதிகள், மாபாரும் வங்காளமும் எட்டாதவை. ஆயினும் தொலைவு மட்டுமே காரணமன்று. சாகரும் தொலைவிலேயே இருந்தது. இரண்டாவது காலம்: பஞ்சத்துக்கும் கொள்ளைநோய்க்கும் முன் எழுந்தவை அடங்கின. மூன்றாவது கூட்டணி: தனி ஆளுநர் வீழ்ந்தார், நூற்றுவர் அமீர்களின் கூட்டணி வென்றது. நான்காவது ஒருங்கு நிகழ்தல்: ஒரே மன்னர் இரு முனைகளில் நிற்க இயலாதபோது இரண்டில் ஒன்று இழக்கப்பட்டது. தக்காண அமீர்களுக்கு அரசைத் தந்ததில் தகீயின் தோல்வியுற்ற கிளர்ச்சிக்கும் பங்குண்டு.

முடிவுரை

தகீயைத் துரத்திச் சிந்துவை அடைந்த சுல்தான் 1351 மார்ச்சு 20 அன்று தட்டாவுக்கு அருகே நோயால் இறந்தார். அவருக்குப் பின் வந்த ஃபிரோஸ் ஷா வங்காளத்தின்மேல் இருமுறை படையெடுத்தும் அதனை மீட்கவில்லை. தக்காணத்தை நோக்கிச் செல்லவேயில்லை. அவர் இக்தாக்களையும் படைப்பதவிகளையும் வாரிசு உரிமையாக்கினார், கொடுந்தண்டனைகளைத் தவிர்த்தார். கிளர்ச்சிகள் குறைந்தன. ஆனால் அமைதியின் விலை மைய அதிகாரமே என்பதை 1388இல் அவர் இறந்தபின் நிகழ்ந்த சிதைவு காட்டிற்று. கடுமை கொண்ட மன்னரும் மென்மை கொண்ட மன்னரும் ஒரே சிக்கலுக்கு எதிரெதிரான தீர்வுகளை முயன்று, இருவருமே அதனைத் தீர்க்கவில்லை. வரியையும் படையையும் ஒரே கையில் ஒப்படைத்துவிட்டு, அக்கையைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்துவது எவ்வாறு என்பதே அச்சிக்கல்.

ஆகவே முகமது பின் துக்ளக் காலக் கிளர்ச்சிகளை ஒரு மன்னரின் பித்துக்குக் கிடைத்த எதிர்வினையாக மட்டும் கற்பிப்பது, பரணியின் கசப்பையும் இசாமியின் சினத்தையும் வரலாற்றின் தீர்ப்பாக ஏற்பதாகும். மன்னரின் கொடுமை உண்மையே. அது கிளர்ச்சிகளை விரைவுபடுத்தியது, கூட்டணிகளை உருவாக்கியது. எனினும் அவற்றுக்கான இடத்தை அமைத்துத் தந்தது ஆட்சியமைப்பேயாகும். கிளர்ச்சியாளர் என்றும் சுல்தான் என்றும் இருவேறு பெயர்களில் சுட்டப்பெறும் அஹ்சன் ஷா, பாமன் ஷா போன்றோரை ஆராயும்போது, அப்பெயர்களை எந்த அவையிலிருந்த ஆசிரியர் வழங்கினார் என்னும் வினாவை முதலில் எழுப்புதல் இடைக்கால வரலாற்றாய்வுக்கு இன்றியமையாதது.